சே லா, 1962 நவம்பர் 17: அந்த மாலையில் முடிவெடுக்க வேண்டியவர் யார்?

மலைச்சாரல்:

1962 சீனப் போர் என்று பேச்சு வந்தாலே நேரு, கிருஷ்ண மேனன் என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். அரசியல் தவறுகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையில் நான் பேச நினைப்பது ஒரே ஒரு மாலையைப் பற்றி.

நவம்பர் 17. இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் இருக்கும் தவாங் போய்விட்டது. அதற்குத் தெற்கே நாலாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் சே லா கணவாயில் பிரிகேடியர் ஹோஷியார் சிங்கின் 62-வது பிரிகேட், ஐந்து பட்டாலியன்களோடு உட்கார்ந்திருக்கிறது. அன்று பகல் முழுக்கக் கீழே நூரநாங்கில் 4-வது கர்வால் ரைஃபிள்ஸ் சீனர்களின் தாக்குதலைத் திரும்பத் திரும்ப முறியடித்திருக்கிறது. ஜஸ்வந்த் சிங் ராவத்துக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது அந்தச் சண்டைக்குத்தான். அதாவது சே லா உடையவில்லை. உடையும் நிலையிலும் இல்லை.

பிரச்சினை பின்னால் வந்தது. சீனர்கள் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்றின் வழியாகச் சுற்றிவந்து தெம்பாங்கில் இறங்கி, திராங்குக்கும் பொம்டி லாவுக்கும் இடையிலான சாலையை அறுத்துவிட்டார்கள். திராங்கில் இருந்த 4-வது டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் பதானியா, சே லா பிரிகேடைப் பின்வாங்க விடுங்கள் என்று தேஜ்பூரில் இருந்த கோர் (டிவிஷனுக்கு மேலே உள்ள படை அமைப்பு) தலைமையகத்தைக் கேட்கிறார். கோர் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் கவுல் அப்போது அங்கே இல்லை, வாலோங் பக்கம் போயிருக்கிறார். ஆனால் அவருக்கு மேலே இருந்த இருவர் அங்கேயே இருந்தார்கள். ஒருவர் தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் தாப்பர். இன்னொருவர் கிழக்குக் கட்டளைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் எல்.பி. சென். இருவரும் பதில் சொல்லவில்லை. கவுல் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இரவு ஏழரை வாக்கில் கவுல் வந்தார். முதலில் சரி என்றார், பிறகு மாற்றினார், கடைசியில் ஒரு செய்தி போனது. அதன் சாரம் இதுதான்: இருக்கும் இடத்தை முடிந்தவரை பிடித்துக்கொள்ளுங்கள்; பிடிக்க முடியாமல் போனால் வேறு இடத்துக்குப் பின்வாங்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறேன்; நீங்கள் துண்டிக்கப்படலாம், அப்படியானால் போராடுவதைத் தவிர வழியில்லை.

இதை ஒரு உத்தரவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. நில் என்றும் இருக்கிறது, போ என்றும் இருக்கிறது. எது நடந்தாலும் கையெழுத்துப் போட்டவர் மேல் பழி வராது. அந்த இரவே சே லா காலியானது. மறுநாள் திராங்கும் பொம்டி லாவும் போயின. சீனர்கள் தாங்களாகவே போர்நிறுத்தம் அறிவித்த நவம்பர் 21 வரும்போது 4-வது டிவிஷன் என்ற ஒன்று முழுதாக எங்கேயும் இல்லை. ஒரு தளபதி செய்யக்கூடிய மிக மோசமான காரியம் தவறான முடிவு எடுப்பது அல்ல, முடிவெடுத்ததுபோல ஒரு காகிதத்தைக் கீழே தள்ளிவிடுவதுதான் என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்:

நல்ல இழை. ஆனால் கவுல் மேல் ஏற்கெனவே இருக்கும் வெறுப்பில் இதைப் படிக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. களத்தில் இருப்பவனுக்கு முடிவெடுக்கும் உரிமையைக் கொடுப்பது உலகத்தின் எல்லா நல்ல ராணுவங்களிலும் உள்ள வழக்கம். தேஜ்பூர் சமவெளியில் உட்கார்ந்துகொண்டு சே லாவில் எந்த நேரத்தில் எந்தப் பள்ளம் கைவிட்டுப் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. பிடிக்க முடியாமல் போனால் மட்டும் பின்வாங்கு என்றுதானே கவுல் சொன்னார்? ஹோஷியார் சிங் இன்னும் பிடிக்க முடியும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் அந்த நிபந்தனை நிறைவேறவே இல்லை. நிபந்தனையைத் தூக்கிப் போட்டுவிட்டு அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டவர் பதானியா. மறுநாள் காலையில் தன் தலைமையகத்தையே விட்டுச் சமவெளியை நோக்கி இறங்கியவரும் அவரே. குற்றம் அங்கே இருக்கிறது.

பழைய சிக்னல்:

நான் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 62 எனக்கு முந்தைய காலம். ஆனால் வடகிழக்கு மலைகளில் இருந்திருக்கிறேன், அதனால் இரண்டு விஷயம் சொல்லத் தோன்றுகிறது.

நொய்யல் தம்பி சொல்வதுபோல் களத்தில் இருப்பவனுக்கு உரிமை கொடுப்பது சரிதான். ஆனால் உரிமை கொடுக்கும்போது கூடவே நோக்கத்தையும் கொடுக்க வேண்டும். சே லாவை எதற்காகப் பிடிக்க வேண்டும்? பொம்டி லாவுக்குப் புதுப் படை வந்து சேரும்வரை நேரம் வாங்கவா? அப்படியானால் எத்தனை நாள்? இல்லை, டிவிஷனை முழுசாகக் காப்பாற்றிக் கீழே கொண்டுவருவதுதான் முக்கியமா? இதில் எது பெரியது என்று மேலே இருப்பவர் சொன்னால்தான் கீழே இருப்பவர் தன் புத்தியைப் பயன்படுத்த முடியும். அந்தச் செய்தியில் அது இல்லை.

அடுத்தது, இரவுப் பின்வாங்கல் என்றால் என்ன என்பது. தாக்குவதைவிடக் கடினமான வேலை அது. எந்தப் பட்டாலியன் முதலில் கிளம்பும், யார் கடைசிவரை நின்று சுடுவது, எந்த இடத்தில் தலை எண்ணுவது, பாதையில் எந்த வண்டிக்கு முதல் உரிமை, இதெல்லாம் பகலிலேயே முடிவாகி, கம்பெனி தளபதிவரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இது நவம்பர் மாதம், கும்மிருட்டு, குளிர், ஒரே ஒரு சாலை. அப்புறம் எங்கள் வேலை. தொலைபேசிக் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்த நிமிடத்திலிருந்து அந்தப் படைக்குக் காது கிடையாது. வயர்லெஸ் மலை மடிப்புக்குள் சரியாக எட்டாது. பக்கத்துக் கம்பெனி எழுந்து நடப்பதைப் பார்க்கிறவனுக்கு அது உத்தரவா ஓட்டமா என்று தெரிய வழியே இல்லை. முன்னால் இருந்த பட்டாலியன் பின்னுக்கு வரத் தொடங்கியதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள் என்றுதான் சே லா கதை சொல்லப்படுகிறது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஜவான்கள் கோழைகள் என்று எவராவது எழுதினால் நான் ஏற்க மாட்டேன். அன்று பகலில் கர்வாலிகள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்று மேலே எழுதியிருக்கிறது.

மதியமே ஒரு தெளிவான சொல் வந்திருந்தால், அது நில் என்பதாக இருந்தாலும் போ என்பதாக இருந்தாலும், ஏற்பாடு செய்ய வெளிச்சம் இருந்திருக்கும். தாப்பரும் சென்னும் காத்திருந்த அந்தச் சில மணி நேரத்தின் விலை இதுதான்.

மலைச்சாரல்:

மிக்க நன்றி ஐயா, இந்த விளக்கம் எனக்குத் தேவைப்பட்டது.

நொய்யல், களத்தில் இருப்பவருக்குச் சுதந்திரம் கொடுத்தார் என்கிறீர்கள். மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று பாருங்கள். பொம்டி லாவில் 48-வது பிரிகேட். ஏற்கெனவே ஆள் குறைவு, கம்பெனிகளை அங்கங்கே பிய்த்து அனுப்பியாகிவிட்டது. திராங் பக்கம் சாலையைத் திறக்க ஒரு படைப்பிரிவை டாங்கிகளோடு உடனே அனுப்பு என்று கவுல் தொலைபேசியில் சொல்கிறார். அங்கே இருந்த பிரிகேடியர், அனுப்பினால் என் அரண் திறந்து கிடக்கும் என்று எதிர்த்துச் சொல்கிறார். கேட்கவில்லை. அனுப்பினார்கள். அது கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சீனத் தாக்குதல், அதுவும் காலியான இடங்களின் வழியாகவே.

கடினமான முடிவு வந்தபோது களத்தில் இருப்பவரிடம் தள்ளினார். களத்தில் இருப்பவர் தெளிவாகப் பேசியபோது அவரைக் கேட்கவில்லை. இதற்குப் பெயர் சுதந்திரம் கொடுப்பது இல்லை.

செம்மண்:

தெளிவான உத்தரவு, தெளிவான உத்தரவு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அதற்கு முந்தைய மாதம் சண்டை தொடங்கிய எல்லை ஓடையான நம்கா சூவில் உத்தரவு மிகத் தெளிவாகத்தான் இருந்தது. தக்லா மலைமுகட்டிலிருந்து சீனர்களை விரட்டு. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 8-ல் சீனர்கள் நம் தோலா காவல் நிலைக்கு மேலே வந்து நிற்கிறார்கள். டெல்லி விரட்டச் சொல்கிறது. 33-வது கோர் தளபதி உம்ராவ் சிங், இந்தப் படையை வைத்து இந்த இடத்தில் முடியாது, முதலில் இவ்வளவு சாமான் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறார். பதிலுக்கு அந்தப் பகுதியே அவர் கையிலிருந்து எடுக்கப்பட்டு, புதிதாக 4-வது கோர் என்று ஒன்று உருவாக்கி கவுலிடம் கொடுக்கப்படுகிறது. போரில் எந்தப் படையையும் நடத்தியிராத ஒருவரிடம். பிரிகேடியர் தால்வியின் 7-வது பிரிகேட் ஒரு ஓடையின் கரையில் வரிசையாக உட்கார்கிறது, எதிரி தலைக்கு மேலே மலை உச்சியில். பலருக்குப் பருத்திச் சீருடைதான். கையில் பழைய .303 ரைஃபிள். சாமான் வானத்திலிருந்து போடப்படுகிறது, பாதி பள்ளத்தாக்கில் விழுந்து தொலைந்துபோகிறது.

அக்டோபர் 20 விடிகாலை அது முடிந்தது. 2-வது ராஜ்புத் பட்டாலியனில் ஏறத்தாழ ஐந்நூறு பேரில் 282 பேர் இறந்தார்கள். தால்வி இரண்டு நாள் கழித்துச் சிறைபிடிக்கப்பட்டார்.

ஆகவே தெளிவு மட்டும் போதாது. அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் கொடுக்கும் தெளிவான உத்தரவு குழப்பமான உத்தரவைவிட அதிகம் பேரைக் கொல்லும்.

மலைச்சாரல்:

செம்மண், நம்கா சூவைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் உடன்படவில்லை. கவுல் பார்க்காமல் இல்லை. நேரில் போனார், நடந்தே போனார், அந்த உயரத்தில் நோய்வாய்ப்படும் அளவுக்கு. அக்டோபர் 10 காலை ட்செங் ஜாங்கில் 9-வது பஞ்சாப் பட்டாலியனின் சிறு குழு மேல் சீனர்கள் பெரிய தாக்குதல் நடத்தியபோது அவர் ஓடையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தால்வி முதலிலிருந்தே சொல்லிவந்தது உண்மை என்று அந்தக் காலையில் அவருக்குப் புரிந்தது.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. டெல்லிக்குப் போய் 11-ம் தேதி இரவு பிரதமர் வீட்டில் கூட்டத்தில் உட்கார்ந்தார். தாக்குதல் இப்போது வேண்டாம் என்று ஆனது, அவ்வளவுதான். பிரிகேட் அந்த ஓடைக்கரையிலேயே இருக்கும் என்றும் ஆனது. அந்த இடத்தில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது, மேலே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் என் பதவியை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லும் நேரம் அது. அந்த அறையில் ஓடைக்கரையைப் பார்த்திருந்த ஒரே மனிதர் அவர். ஒரு வாரத்தில் உடல்நிலை கெட்டு டெல்லிக்குக் கொண்டுவரப்பட்ட பிறகும் கோரின் பொறுப்பை விடாமல் வீட்டுப் படுக்கையிலிருந்து தொலைபேசியில் நடத்தினார். 20-ம் தேதி விடிகாலையில் நிலைமை அதுதான்.

பார்ப்பது பாதி வேலை. பார்த்ததை மேலே இருப்பவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்வது மீதி.

தாமிரபரணி:

இதே 4-வது கோர் ஒன்பது வருஷம் கழித்து என்ன செய்தது என்பதையும் பேசுங்கள். 1971 வங்கதேசப் போரில் அதன் தளபதி சகத் சிங். திரிபுராவில் தெலியமுராவில் தலைமையகம். அவருக்குக் கொடுத்த வேலை மேக்னா ஆற்றின் கிழக்குக் கரைவரை பிடிப்பது, அவ்வளவுதான். டாக்காவைப் பிடி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அகௌரா டிசம்பர் 5-ல் விழுந்தது. படைகள் அஷுகஞ்ச் நோக்கிப் போயின, அங்கேதான் மேக்னா மேல் ரயில் பாலம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். 9-ம் தேதி பாகிஸ்தானியர்கள் அந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு மேற்குக் கரையில் பைரப் பஜாரில் ஒரு பிரிகேடை வைத்து உட்கார்ந்துகொண்டார்கள். சாதாரணமாக இங்கே போர் நின்றிருக்க வேண்டும். கொடுத்த வேலையும் முடிந்துவிட்டது.

சகத் சிங் அதற்கு முன்பே ஹெலிகாப்டரில் ஆற்றின் மேல் தாழ்வாகப் பறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் போன ஒரு தடவை கீழேயிருந்து சுட்டதில் ஹெலிகாப்டரில் குண்டுகள் பாய்ந்து விமானி காயப்பட்டார், இவருக்கும் சிராய்ப்பு. அந்தப் பறத்தலில்தான் பைரப் பஜாருக்குத் தெற்கே மேற்குக் கரை காலியாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. விமானப்படையின் குரூப் கேப்டன் சந்தன் சிங்கிடம் கொஞ்சம் எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள்தான் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குச் சுமார் ஒரு டஜன் ஆட்களைத்தான் தூக்கும். அதை வைத்தே 9-ம் தேதி பிற்பகலில் தொடங்கி இரவெல்லாம் லெப்டினன்ட் கர்னல் ஹிம்மத் சிங்கின் 4-வது கார்ட்ஸ் பட்டாலியனை ராய்புராவில் இறக்கினார்கள். முன்னால் இறங்கியவர்கள் டார்ச் அடித்துக் காட்டிய வெளிச்சத்தில் அடுத்தது இறங்கியது. மறுநாளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை போய்வந்தார்கள். அந்தக் கரை மக்கள் படகுகளைக் கொண்டுவந்து மீதி ஆட்களையும் சாமானையும் கடத்தினார்கள். அங்கிருந்து நர்சிங்டி, அப்புறம் டாக்காவின் வாசல். பைரப் பஜாரில் இருந்த பிரிகேட் அங்கேயே உட்கார்ந்திருந்தது, சண்டை அதைத் தாண்டிப் போய்விட்டது.

ஆற்றைக் கடக்கும் விஷயத்தில் மேலே இருந்த கிழக்குக் கட்டளைத் தளபதி அரோராவுக்குத் தயக்கம் இருந்தது, சகத் சிங் பின்வாங்க மறுத்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எப்படியானாலும் அந்த முடிவு அவருடையது. தப்பாகப் போயிருந்தால் தலை அவருடையது என்பதும் அவருக்குத் தெரியும்.

1965 செப்டம்பரில் சீனா இறுதி எச்சரிக்கை கொடுத்தபோது சிக்கிமில் இரண்டு கணவாய்களையும் காலி செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்தது. ஜெலெப் லாவை இன்னொரு டிவிஷன் காலி செய்தது, அது இன்றுவரை சீனர்கள் கையில். நாது லா சகத் சிங்கின் டிவிஷனிடம் இருந்தது, அவர் விடவில்லை. 1967-ல் அதே நாது லாவில் சீனர்கள் சுட்டபோது நம் பீரங்கிகள் பதில் சொன்னதற்கும் அதே மனிதர்தான் காரணம்.

நொய்யல்:

சகத் சிங் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஜெயித்தவர் கதையை வைத்துத் தோற்றவரை அளப்பது நியாயம்தானா என்று யோசியுங்கள். அஷுகஞ்சில் அவசரமாகப் போன தாக்குதலில் நம் ஆட்கள் கணிசமாக இறந்தார்கள், டாங்கிகள் போயின, கடைசியில் பாலமும் கிடைக்கவில்லை. சில்ஹெட்டில் 7-ம் தேதி 4/5 கூர்க்கா பட்டாலியனை ஹெலிகாப்டரில் இறக்கியது அந்த ஊர் காலியாகிவிட்டது என்ற தகவலை நம்பி. காலியாகவில்லை. சில நூறு பேர் ஒரு பெரிய பாகிஸ்தான் படைக்கு நடுவே இறங்கிவிட்டார்கள். இறங்கியது ஒரு பிரிகேட் என்று பிபிசியில் தவறாக வந்த செய்தியை எதிரி நம்பியதும் அந்த கூர்க்காக்களின் நெஞ்சுறுதியும்தான் அவர்களைக் காப்பாற்றின. அங்கே அவர்கள் அழிந்திருந்தால் சகத் சிங் பெயரை இன்று எப்படி எழுதியிருப்போம்?

62-ல் எதிரி ஏமாறவில்லை, வானம் நம்முடையதாக இல்லை, உள்ளூர் மக்கள் படகு கொண்டுவரவில்லை. 71-ல் எல்லாமே இருந்தன.

தாமிரபரணி:

வசதிகள் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சில்ஹெட்டில் தகவல் பிழையானது. மேக்னாவில் அவர் யாருடைய தகவலையும் நம்பி உட்காரவில்லை, தானே போய்ப் பார்த்தார். இரண்டு நாளுக்குள். அப்புறம் 62-ல் விமானப்படையின் போர் விமானங்களைப் பயன்படுத்தவே இல்லையே, அதுவும் ஒரு முடிவுதானே?

பழைய சிக்னல்:

வேறொரு பெயரையும் இங்கே வைக்கிறேன். ஹர்பக்ஷ் சிங். 62 அக்டோபர் கடைசி வாரத்தில் கவுல் நோயாக இருந்தபோது இதே 4-வது கோர் சில நாட்கள் அவர் கையில் இருந்தது. வந்தவுடனே சே லாவில் நின்று சண்டை போடுவது என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தினார். ஆனால் 29-ம் தேதி கவுல் திரும்பி வந்தார், கோர் மறுபடி கவுலிடம் போனது. சண்டைக்கு நடுவில் தளபதியை இப்படி மாற்றி மாற்றி வைத்தால் கீழே இருப்பவன் யார் சொல்வதை மனதில் பதித்துக்கொள்வான்?

அதே ஹர்பக்ஷ் 65-ல் மேற்குக் கட்டளைத் தளபதி. கேம்கரன் பக்கம் பாகிஸ்தானின் பட்டன் டாங்கிகள் உள்ளே வந்தபோது பியாஸ் ஆற்றுக்குப் பின்னால் போய்விடலாம் என்று தலைமைத் தளபதி சௌத்ரி சொன்னதாகவும், அமிர்தசரஸை விட்டுக்கொடுக்கும் அந்த யோசனையைத் தான் மறுத்துவிட்டதாகவும் ஹர்பக்ஷ் தரப்பு சொல்கிறது. இதை மறுப்பவர்களும் உண்டு. நடந்தது என்னவென்றால் படை நின்றது. அசல் உத்தரில் கரும்புக் காட்டுக்குள்ளும் தண்ணீர் பாய்ச்சிய வயல்களிலும் சிக்கிய டாங்கிகளை நம் ஆட்கள் அடித்தார்கள். அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா அங்கேதான்.

வல்லைவெளி:

நான் யாழ்ப்பாணத்தான். நீங்கள் எல்லாரும் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கி ஜெயித்ததைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நாங்கள் மற்றதைப் பார்த்தனாங்கள். 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியப் படை இறங்கினது. புலிகளின் தலைமையைப் பிடிக்கிறது நோக்கம். வருகிறார்கள் என்று புலிகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. 10-வது பாரா கமாண்டோக்கள் நூறு பேரளவில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பிறகு 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேர். அதோடு ஹெலிகாப்டர்கள் சூடு பட்டுச் சேதமாகி மிச்ச ஆட்களைக் கொண்டுவர இயலாமல் போனது. அந்த 30 பேரில் 29 பேர் விடிகிறதுக்கும் அடுத்த நாள் மதியத்துக்கும் இடையில் முடிந்தார்கள், ஒருவர் பிடிபட்டார்.

கமாண்டோக்கள் தங்களோடு சேர்ந்து வரச் சொன்னதாகவும், அந்தச் சிறு குழுவின் மேஜர், என்னுடைய கம்பெனியின் மிச்ச ஆட்கள் இங்கேதான் வந்து இறங்குவார்கள், இந்த இடத்தைப் பிடித்து வைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு என்று நின்றுவிட்டதாகவும் சொல்கிறார்கள். அவர் நின்றது கடமை. மிச்சப் பேர் வரமாட்டார்கள் என்பது பலாலிப் படைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், அவருக்கு அது போய்ச் சேரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த இழையில் எழுத எனக்கு மனம் வராது. தளபதிகளின் முடிவு என்றால் தங்கள் ஆட்களை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பது மட்டுமில்லை. அதே அக்டோபர் 21-ல் இந்தியப் படை யாழ் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதிமாரையும் சுட்டது. அதற்கு எந்தத் தளபதியும் எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்லவில்லை. நகரத்தைச் சீக்கிரம் பிடி என்று மேலேயிருந்து வந்த அவசரம் கீழே எங்களின் வீடுகளில்தான் வந்து முடிந்தது.

பழைய சிக்னல்:

தம்பி, நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தேன். ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு நியாயம் கற்பிக்க எனக்கு எந்த வார்த்தையும் இல்லை, தேடவும் மாட்டேன். படையில் இருந்தவன் என்பதால் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன், கீழே இருப்பவன் கையில் துப்பாக்கி இருக்கும்போது என்ன செய்யக் கூடாது என்பதையும் உத்தரவில் சொல்ல வேண்டியது தளபதியின் வேலை. அது நடக்கவில்லை என்றால் பொறுப்பு மேலே போக வேண்டும், போகவில்லை.

அந்த மேஜரின் விஷயம் என் தொழிலுக்குள் வருவதால் அதையும் சொல்கிறேன். திட்டம் மாறிவிட்டது என்ற ஒரு வரி அவருக்குப் போயிருக்க வேண்டும். உத்தரவு கொடுக்கிறவர்கள், அந்த உத்தரவு செத்துவிட்டது என்று சொல்வதையும் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சே லாவில் உத்தரவு புரியவில்லை. பல்கலைக்கழகத்தில் உத்தரவு புரிந்தது, ஆனால் அது காலாவதியாகிவிட்டது அவருக்குத் தெரியவில்லை.

செம்மண்:

அப்போது தலைமைத் தளபதி சுந்தர்ஜி. செங்கல்பட்டில் பிறந்தவர். இதில் என்னைக் குழப்புவது, அதற்கு முந்தைய வருஷம்தான் அவர் 62 சண்டை தொடங்கிய அந்த இடத்துக்கே போயிருந்தார் என்பது. 1986-ல் சும்டோரோங் சூவில் சீனர்கள் வந்து உட்கார்ந்தபோது, நம்கா சூவுக்குப் பக்கத்திலேயே சிமிதாங்கில் ஹெலிகாப்டர்கள் மூலம் ஒரு பிரிகேடைக் கொண்டுபோய் இறக்கி, தக்லாவுக்கு எதிரே உயரமான ஹாதுங் லாவைப் பிடித்தார். ஓடைக்கரையில் இல்லை, உயரத்தில். 62-ன் பாடத்தைப் படித்தவர் செய்த வேலை அது. டெல்லியில் தயங்கியவர்களிடமும் தன் நிலையை விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்வார்கள். அதே மனிதர் ஒரு வருஷத்தில் யாழ்ப்பாணத்தை எப்படி அவ்வளவு குறைத்து எடைபோட்டார்?

வல்லைவெளி:

மலையில் எதிரியை அவர் பெரிய ஆளாக நினைத்தார். எங்களின் ஊரில் எதிரியை அப்படி நினைக்கவில்லை. சனத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. எனக்குத் தெரிகிற வித்தியாசம் அதுதான்.

நொய்யல்:

சே லாவுக்கே திரும்புகிறேன். பழைய சிக்னல் ஐயா சொன்ன நோக்கம் என்ற விஷயமும், பொம்டி லா விவகாரமும் சேர்ந்து கவுல் பற்றிய என் வாதத்தைப் பலவீனமாக்குகின்றன என்பது சரி. ஆனாலும் பதானியாவை விட்டுவிட முடியாது. மேலேயிருந்து குழப்பமான செய்தி வந்தால் அதைத் தெளிவாக்கிக் கீழே கொடுப்பதுதான் நடுவில் இருப்பவரின் வேலை. அவர் ஹோஷியார் சிங்கிடம், நீ நில், நான் திராங்கில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஹோஷியார் சிங் கடைசியில் தன் ஆட்களோடு காட்டுவழியாக இறங்கி வரும்போது சீனர்கள் பதுங்கித் தாக்கியதில் இறந்துபோனார். அவருக்கு மேலே இருந்த எல்லா அதிகாரிகளும் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

மலைச்சாரல்:

இதில் உங்களோடு நான் சண்டை போடப் போவதில்லை. பதானியா, கவுல், சென், தாப்பர், நான்கு பேருக்கும் பங்கு உண்டு.

எல்லோரும் இவ்வளவு நேரம் கொடுத்து எழுதியிருப்பதால் இன்னும் ஒன்று சேர்க்கிறேன். போர் முடிந்ததும் லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பிரேம் பகத்தும் விசாரித்து 1963-ல் அறிக்கை கொடுத்தார்கள். பகத் விக்டோரியா கிராஸ் வாங்கியவர், ஒளிவுமறைவில்லாமல் பேசுபவர் என்று பெயர். அரசு அதை இன்னும் வெளியிடவில்லை, 2014-ல் ஒரு பகுதி மட்டும் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் மூலம் இணையத்தில் வந்தது. பழைய ஆயுதம், பழைய சாலை, பழைய ஆட்கள், இதில் மறைக்க இப்போது என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. அதை முழுசாக வெளியிட வேண்டும் என்று எத்தனை பேர் கேட்டாலும் நானும் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் முழுசாக வந்தாலும் நான் முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. தரைப்படைத் தலைமையகத்தின் செயல்பாட்டை ஆராயக் கூடாது என்று அந்த விசாரணைக்கு எல்லை போட்டுவிட்டார்கள். நவம்பர் 17 மதியம் பதானியா கேட்டபோது தேஜ்பூரில் இருந்த தலைமைத் தளபதி ஏன் பதில் சொல்லவில்லை என்று அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கும் அதிகாரம் அந்த இருவருக்கும் இல்லை.